பம்பரத்தைப் பார்க்காமலே பார்த்தவர்கள்

2021 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மெயிலில் 14 அறிவிப்புகள். என் பம்பரத்தை 14 பேர் பார்த்துவிட்டார்களாம். ஒருவர் போர்ச்சுகலில், இரண்டு பேர் செக் நாட்டில், ஒருவர் கனடாவில். பம்பரமோ ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே மலைக்காட்டில், ஒரு மரவேர் இடுக்கில், டப்பாவுக்குள் கிடந்தது. மேலே பனி மூடியிருந்தது. ஒரு மாதமாக அந்தப் பக்கம் யாரும் போன தடயமே இல்லை.

இது ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு. தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா எடுத்துவிட்டது. கையோடு மே 3ஆம் தேதி ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அதுதான் ஆரம்பம். இன்று உலகம் முழுக்க இப்படி டப்பாக்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, விளையாட்டின் இணையதளத்திலும் பதிய வேண்டும். "யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவைத் தேடவா ஜெர்மனிக்குப் போனே?" என்று அம்மா கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அந்த டப்பாக்கள் வழியாக ஊர் ஊராகப் போகும் பொருள்தான் டிராக்கபிள். ராணுவத்தார் கழுத்தில் தொங்கும் தகடு மாதிரி ஒன்றில் எண் பொறித்திருக்கும். அதை உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றில் கோத்து டப்பாவில் போட்டுவிட்டால், எடுப்பவர் அடுத்த ஊர் டப்பாவுக்குக் கொண்டுபோவார். நான் கோத்தது மதுரையில் சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய சிவப்பு-பச்சை மரப்பம்பரம். பிள்ளைகள் கையில் குத்திவிடக் கூடாதென்று ஆணியை அறுத்துவிட்டேன். அறுத்த இடத்தில் என் மகளுடைய நீல நகப்பாலிஷ் ஒரு சொட்டு. இந்த நீலச் சொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் எண் விஷயம். டிராக்கபிளுக்கு எண் இரண்டு. டிபி (TB) என்ற எழுத்துகளில் தொடங்குவது, தளத்தில் அந்தப் பொருளுக்கென்று இருக்கும் பக்கத்தின் முகவரி. அது ஊருக்கே தெரியலாம், அதை வைத்துப் பதிவு போட முடியாது. தகட்டில் பொறித்திருப்பதுதான் சாவி. அந்த எண் தெரிந்த யாரும், பொருளைக் கண்ணால் பார்க்காவிட்டாலும், 'பார்த்தேன்' என்று பதிந்துவிடலாம். என் எண் எப்படி வெளியே போனது என்று தேடினால், அந்த டப்பாவில் போடுவதற்கு முன்பு ஒரு நல்ல மனிதர் பம்பரத்தை மேசைமேல் வைத்து அழகாகப் படம் எடுத்துப் பக்கத்தில் ஏற்றியிருந்தார். தகடு பளபளவென்று, எண் பளிச்சென்று. அதை யாரோ ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கான எண்களை அடுக்கிக் கைமாற்றும் கூட்டம் இருக்கிறது. சிலர் "பட்டியலில் பார்த்தேன், நன்றி" என்று பதிவிலேயே எழுதிவிடுகிறார்கள். திருட்டிலும் ஒரு நேர்மை.

எதற்கு இந்த வேலை? எண்ணிக்கைக்கு. ஜியோகாயின் என்று காசு வடிவில் வரும் டிராக்கபிள் வகையில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்னப் படம் (ஐகான்) உண்டு. அது சுயவிவரப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தபால்தலை சேர்க்கிற புத்திதான், அஞ்சலகத்துக்கே போகாமல்.

ஆகவே தகட்டைக் கோக்கும் முன்பே செய்ய வேண்டியவை. பக்கத்தில் ஏற்றும் படங்களில் தகட்டைத் திருப்பி வையுங்கள், அல்லது எண்ணின்மேல் விரலை வையுங்கள். டிராவல் பக் என்ற பெயரில் விற்கும் இந்தத் தகட்டை வாங்கினால் ஒரே எண்ணோடு இரண்டு தகடுகள் வரும். ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை வீட்டில் பத்திரப்படுத்துங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு சின்னச் சீட்டில் "எண் தெரியும்படி படம் போடாதீர்கள்" என்று எழுதி லேமினேட் செய்து சேர்த்துக் கட்டுங்கள். முக்கியமானது இது: பொருளில் ஒரு அடையாளம், கையில் எடுத்துத் திருப்பினால் மட்டும் தெரிகிற மாதிரி. அந்தப் பக்கம் எந்தப் படத்திலும் வரக் கூடாது. எனக்கு நகப்பாலிஷ்.

இனி, வந்த பதிவு பொய்யா என்று எப்படிப் பார்ப்பது? பதிந்தவரின் பக்கத்தைத் திறங்கள். ஒரே நாளில் முன்னூறு டிராக்கபிள், முன்னூறிலும் வெட்டி ஒட்டிய அதே வாசகம் என்றால் பாதி தெரிந்துவிட்டது. பொருள் கிடக்கும் டப்பாவை அவர் கண்டுபிடித்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் உடனே குதிக்காதீர்கள். டப்பா இல்லாமலும் டிராக்கபிளைப் பார்க்கலாம். சந்திப்புகளில் ஆளாளுக்குத் தங்கள் காயின்களை மேசையில் பரப்பி வைப்பார்கள். 2014இல் மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த கூட்டம்தான் ஐயாயிரம் பேரைத் தாண்டும் 'கிகா' வகையில் முதலாவது; அப்படிப்பட்ட இடத்தில் சட்டை, கார் ஸ்டிக்கர், பச்சை குத்திய தோள் என எதில் வேண்டுமானாலும் எண் இருக்கும். தேதியையும் நம்பாதீர்கள். பலர் விடுமுறை முடிந்து வீடு திரும்பி, சோபாவில் சாய்ந்துகொண்டு பதிவு போடுவார்கள்; தேதியை மாற்ற மறந்தால் அன்றைய தேதிதான் விழும்.

இந்தத் தேதியில்தான் நான் சறுக்கினேன். அந்த 14 பேருக்குப் பிறகு எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். ஆகஸ்டில் ஒரு பதிவு: "நன்றி" என்று ஒற்றைச் சொல், புதுக் கணக்கு, டப்பாவைக் கண்டுபிடித்த பதிவும் இல்லை. அவர் குறிப்பிட்ட தேதியில் பம்பரம் வேறொருவர் கைப்பையில் இருந்தது. நீக்கிவிட்டேன். இரண்டு நாளில் ஒரு தாத்தாவிடமிருந்து கடிதம். கோன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் பேத்தியோடு டப்பாவைத் திறந்தாராம். பேத்திக்கு ஒன்பது வயது, அதுதான் அவள் போட்ட முதல் பதிவு. "அடியில் நீலமாக ஏதோ இருக்கிறது, அது என்ன, இது எப்படிச் சுற்றும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்று எழுதியிருந்தார். கூனிக் குறுகிப்போனேன். மன்னிப்புக் கேட்டு, மறுபடி பதியச் சொல்லி, வேறொரு பம்பரத்தில் சாட்டையைச் சுற்றி வீட்டு வாசலில் விட்டு வீடியோ அனுப்பினேன்.

அன்றிலிருந்து முதலில் கேள்வி, பிறகுதான் நீக்கம். தளத்தின் வழியே இரண்டு வரி: "என் பம்பரத்தைப் பார்த்ததில் மகிழ்ச்சி. அதன் அடிப்பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முடியுமா?" குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பத்து நாள் பொறுப்பேன். பெரும்பாலும் பதிலே வராது. சிலர் தாங்களே பதிவை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றதை நீங்கள் நீக்கலாம், ஓனருக்கு அந்த உரிமை உண்டு. நீக்கினால் பதிந்தவருக்குத் தகவல் போகும் என்பதால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். விவாதத்தில் மட்டும் இறங்காதீர்கள். நீக்க நீக்கப் பதிந்துகொண்டே இருந்தால் சியாட்டிலில் இருக்கும் தளத்தின் தலைமையகத்துக்கு எழுதலாம். பக்கத்தையே பூட்டும் வசதியும் இருக்கிறது. ஆனால் பூட்டினால் அந்தத் தாத்தா மாதிரி ஆட்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். பொருள் தொலைந்து, எண் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் பூட்டுங்கள்.

வெறும் 'பார்த்தேன்' பதிவால் பயணத்துக்குப் பழுதில்லை. கிலோமீட்டர் கூடாது, இடம் மாறாது. எரிச்சல் மட்டும்தான். 'எடுத்தேன்' என்று பொய்யாகப் பதிந்தால்தான் தலைவலி. தளத்தின் கணக்கில் பொருள் டப்பாவிலிருந்து அவர் கைக்குப் போய்விடும். அப்புறம் அவர் போகிற டப்பாவுக்கெல்லாம் 'கொண்டுபோனேன்' என்று தானாகவே பதிவு விழவும் கூடும். காட்டில் கிடக்கும் பம்பரம் வரைபடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டும். இதைச் சரிசெய்யத்தான் வீட்டில் வைத்த தகடு. அந்த எண்ணைப் போட்டு, பொருளை நீங்களே 'வேறிடத்திலிருந்து எடுத்தேன்' என்று பதிந்து உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அது உண்மையில் கிடக்கும் டப்பாவின் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, அதோடு 'போட்டேன்' என்று தேர்ந்தெடுங்கள். பொய்ப் பதிவுகளை நீக்கிவிட்டு, தூரத்தை மறுபடி கணக்கிடச் சொன்னால் கோடு பழைய இடத்துக்கு வந்துவிடும். எனக்கு இரண்டு முறை வேண்டியிருந்தது. ஒரு காபி நேர வேலை.

அந்த 14 பேரிடமும் பின்னால் இதே கேள்வியைக் கேட்டேன். பதில் எழுதியவர் ஒருவர்தான், செக் நாட்டுக்காரர். "அடிப்பக்கம் தெரியாது, நான் பார்த்தது படத்தைத்தான். பதிவை நீக்கிவிடுங்கள். ஆனால் அது என்ன, சமையலறைச் சாமானா?" என்று கேட்டிருந்தார். பம்பரம் என்றால் என்ன என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். அவருடைய பதிவை மட்டும் நீக்க மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.