பொன்முடி லைக்கனை இனங்காண்பது எப்படி

பூஞ்சையும் பாசியும் ஓருடலாகச் சேர்ந்து வாழ்வதே லைக்கன். மலைக்காட்டு மரங்களைப் பற்றி வளரும் லைக்கன்களில் பெரும்பாலானவை சாம்பலும் வெளிர்பச்சையுமாக இருக்கும். அவற்றுக்கிடையே செம்மஞ்சள் நிறத்தில், சில சென்டிமீட்டர் அளவில், நூல்போன்ற கிளைகளோடு புதராக நிற்பதுதான் டெலோஸ்கிஸ்டஸ் ஃபிளாவிகன்ஸ். ஆங்கிலத்தில் இதற்குப் பொன்முடி என்று பொருள்படும் பெயர் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் இது வளர்கிறது. நம் அடுக்களையில் உள்ள கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது இலைபோல் தட்டையானது.

தேடும்போது சோலைக்காட்டின் இருண்ட உட்பகுதியை விட்டுவிட்டு, காட்டின் விளிம்பிலும் தனித்து நிற்கும் மரங்களிலும், வெயிலும் மூடுபனிக் காற்றும் ஒருங்கே படும் கிளைகளைப் பார்க்க வேண்டும். இதற்கு வேர் கிடையாது. பூஞ்சையின் உடலுக்குள் வாழும் ட்ரெபாக்சியா என்னும் பச்சைப்பாசி, மழையே இல்லாவிட்டாலும் காற்றின் ஈரத்தைக் கொண்டே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். அந்தப் பாசியைக் கடும் ஒளியிலிருந்து காக்கப் பூஞ்சை உண்டாக்கும் பாரியட்டின் என்ற நிறமியே செம்மஞ்சளுக்குக் காரணம். நிழலில் வளர்வது சாம்பல் நிறமாகவே இருக்கக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது தவறு.

ஆகவே பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸால் கிளைகளைக் கவனியுங்கள். மேற்பரப்பில் பொடிபோன்ற மஞ்சள் திட்டுகள் தெரியும். அந்தப் பொடியில் பூஞ்சை இழையும் பாசிச் செல்லும் சேர்ந்தே இருப்பதால், காற்றில் பறந்து விழுந்த இடத்தில் புதிய பாசியைத் தேட வேண்டிய தேவையின்றி அது முளைக்கிறது. வித்துகளை உண்டாக்கும் வட்டக் கிண்ணங்கள் இவ்வினத்தில் அரிது. தாடிபோல் தொங்கும் உஸ்னியா என்ற லைக்கனோடு குழப்பம் வந்தால், ஈரமான கிளையொன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள்: உஸ்னியாவில் நடுவே நெகிழும் வெள்ளை நாண் தெரியும், இதில் தெரியாது.

ஐயம் தீரவில்லையெனில், தரையில் உதிர்ந்து கிடக்கும் துணுக்கின் மீது பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விடுங்கள். பாரியட்டின் இருந்தால் அந்த இடம் உடனே கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். கரைசல் தோலை அரிக்கும், கையுறை அவசியம். மரத்தில் உள்ளதைப் பறிக்கக் கூடாது. உலர்ந்த நிலையில் தொட்டாலே உடைந்துவிடும், வளர்ச்சியோ மிக மெதுவானது. கந்தக டை ஆக்சைடும் உர நிலங்களின் அமோனியாவும் இதை நலிவுறச் செய்கின்றன. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின்கீழ் இது பாதுகாக்கப்பட்ட இனம். நம் ஊரிலும் காப்புக்காட்டில் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒளிப்படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றை அருகில் வையுங்கள். மரத்தின் இனம், கிளை நோக்கும் திசை, தரையிலிருந்து உயரம், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதே கிளைக்குத் திரும்பி வாருங்கள்.