இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டை அடக்கி வைப்பது எப்படி

முதலில் ஒரு விஷயம். சாதாரண பில்டர் நைட்ரேட்டை எடுக்காது, நைட்ரேட்டை உண்டாக்குவதே அதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது, பில்டர் பஞ்சிலும் செராமிக் வளையத்திலும் குடியிருக்கும் பக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கிவிடுகிறது, அந்த வேலைக்கு அவற்றுக்கு ஒட்சிசன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பில்டர் கொடுப்பது அதைத்தான். அமோனியா மீனைச் சீக்கிரம் கொன்றுவிடும். நைட்ரேட் அப்படிக் கொல்லாது, மெதுவாகத்தான் ஏறும், அதனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிறகு ஒரு நாள் கண்ணாடி முழுக்கப் பாசி, மீன் தீனியை எடுக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். அந்த நேரம் கடையில் போய் இன்னும் பெரிய பில்டர் வாங்குவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லீற்றர் பிடிக்கும், கல்லும் மணலும் மேலே விடும் இடைவெளியும் போனால் உண்மையில் 45 லீற்றர் வரைதான் இருக்கும். புரதம் 50 வீதம் உள்ள உலர் தீனியில் ஒரு கிராம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அரைக் கிராம் புரதம், அதில் 16 வீதம் நைதரசன், அவ்வளவும் நைட்ரேட் ஆனால் ஏறக்குறைய 350 மில்லிகிராம். 45 லீற்றரில் அது கிட்டத்தட்ட 8 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 8 மில்லிகிராம். மீனின் வளர்ச்சிக்குக் கொஞ்சம் போகும், பில்டரில் கழுவி எடுப்பது கொஞ்சம், ஆனாலும் ஒரே ஒரு கிராம் தீனி என்பதை மனதில் வையுங்கள். இதே ஒரு கிராமை ஐந்நூறு லீற்றர் தொட்டியில் போட்டால் ஒரு பிபிஎம்கூட வராது. சின்னத் தொட்டிதான் புதிதாகத் தொடங்குபவருக்கு லேசு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆகவே முதல் வேலை தீனியில்தான். இந்த அளவுத் தொட்டிக்கு இரண்டு சின்ன மீன், ஒரு சோடி கோமாளி மீன் போதும், மூன்றாவது மீன் வேண்டாம். போட்ட தீனி ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். சந்தையில் வாங்கும் இறாலோ கூனியோ கொடுப்பதென்றால் நறுக்கியபின் அரிதட்டில் போட்டு நன்றாக அலசுங்கள். பிரிட்ஜில் உறையவைத்த தீனி இளகும்போது வடியும் சாற்றை ஊற்றிவிடுங்கள், அந்தச் சாறு மீனின் வயிற்றுக்குப் போவதில்லை, தண்ணீருக்குத்தான் போகிறது. வாரத்தில் ஒரு நாள் தீனியே போடாமல் விட்டாலும் வளர்ந்த மீனுக்கு எதுவும் ஆகாது.

இனித் தண்ணீர் மாற்றுவது. இதில் எல்லோரும் தவறவிடுகிற ஒரு கணக்கு இருக்கிறது, ஒருமுறை விளங்கிவிட்டால் பிறகு எந்த மருந்துப் போத்தலும் வாங்க மாட்டீர்கள். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 5 பிபிஎம் நைட்ரேட் சேருகிறது, நீங்கள் வாரம் 10 வீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால், நைட்ரேட் ஏறி ஏறி 50இல் போய்த்தான் நிற்கும், ஏனென்றால் 50இன் பத்து வீதம்தான் 5, அங்கேதான் சேர்வதும் வெளியேறுவதும் சமமாகும். அதே தொட்டியில் வாரம் 25 வீதம் மாற்றினால் 20இல் நின்றுவிடும். வாரம் சேரும் அளவை மாற்றும் பங்கால் வகுத்தால் உங்கள் உச்சம் வந்துவிடும். 45 லீற்றரில் 25 வீதம் என்பது 11 லீற்றர் சொச்சம், ஒரு பெரிய வாளி. பெரிய தொட்டிக்காரரால் இப்படி மாற்ற முடியாது, நம்மால் முடியும், சின்னத் தொட்டியின் பெரிய வசதியே இதுதான்.

அந்த ஒரு வாளி எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். வாவியில் அள்ளாதீர்கள். அதன் உப்பு மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று, சுற்றிலும் உள்ள வயலின் பசளையெல்லாம் வந்து சேருவதும் அங்கேதான். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நம் கிழக்கிலங்கைக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும், கல்லடியிலோ பாசிக்குடாவிலோ ஒலுவில் பக்கத்திலோ அள்ளலாம், ஆனால் கரையோரக் கலங்கலை அள்ளாமல், தெரிந்த மீனவர் யாரிடமாவது கானைக் கொடுத்து அலை உடையும் இடத்துக்கு அப்பால், எஞ்சின் எண்ணெய் படாத இடத்தில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். மாரியில், அதிலும் முகத்துவாரம் வெட்டிவிட்ட நாட்களில், வெள்ளமும் வயல் தண்ணீரும் கடலுக்குள் பாய்ந்து கரையெல்லாம் கபில நிறமாக இருக்கும்போது தொடவே வேண்டாம், பெரும்போகத்து யூரியாவின் ஒரு பங்கும் அதோடு வருகிறது. அந்த மாதங்களுக்கு வேண்டியதைக் கோடையிலேயே அள்ளி, சுத்தமான உணவுக் கான்களில் மூடி இருட்டில் வைத்து, பாவிப்பதற்கு முதல் நாள் காற்றுக்கல் போட்டு, உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.025 இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீற்றர் என்கிற உப்பு அளக்கும் கருவியில் பாருங்கள். இல்லாவிட்டால் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைக் கரையுங்கள். சமையல் உப்பு சரிவராது, அதில் கல்சியம், மக்னீசியம் எதுவும் தேவையான அளவுக்கு இல்லை.

ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது நன்னீர். நைட்ரேட் இந்த வழியாலும் வருகிறது என்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டிச் சூட்டைக் குறைக்க மேலே ஃபேன் போட்டிருந்தால் நாளுக்கு ஒரு லீற்றர் வரை போய்விடும். நம் கரையோர மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் தோட்டத்துப் பசளையும் ஆழமில்லாத கிணற்றுக்குள் இலகுவாக ஊறிவிடும். அந்தக் கிணற்றில் 20 பிபிஎம் நைட்ரேட் இருந்தால், நாளுக்கு ஒரு லீற்றர் வீதம் வாரத்தில் 140 மில்லிகிராம் உள்ளே போகிறது, அதாவது 3 பிபிஎம், மீனுக்கு ஒரு துண்டுத் தீனிகூடப் போடாமலே. குடிநீரில் 50 பிபிஎம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆகவே குடிக்க நல்ல தண்ணீர் தொட்டிக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். ஆர்ஓ தண்ணீர் வாங்கினால் கவலை இல்லை. மழைத் தண்ணீரும் நல்லது, ஆனால் தகரக் கூரையில் வடிந்தது வேண்டாம், நாகம் (துத்தநாகம்) கலந்திருக்கும், தொட்டியில் இறால் இருந்தால் தாங்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் செப்புக் குழாயில் பட்டு வருவது, அதையும் விடுங்கள்.

பில்டருக்கு வருவோம். பின்னால் தொங்கவிடும் வகையே இந்த அளவுக்குப் போதும். தண்ணீர் முதலில் படும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு, அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து எறியுங்கள், எறிய மனமில்லையென்றால் குழாயில் நன்றாகக் கசக்கிக் கழுவிப் போடுங்கள். பிடித்த அழுக்கு அழுகுவதற்கு முன் வெளியே போனால் அது நைட்ரேட் ஆகாது, மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் எல்லாம் ஆகும். அதன் பின்னால் உள்ள செராமிக் வளையத்தைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே மாதம் ஒருமுறை லேசாக அலசுங்கள், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் பட்டால் பக்டீரியா செத்துவிடும். பணம் இருந்தால் ஒரு சின்னப் புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த கழிவை அமோனியா ஆவதற்கு முன்பே நுரையோடு சேர்த்து வெளியே தள்ளுவது அதுதான், என் கணிப்பில் இரண்டாவது பில்டரைவிட அதற்குச் செலவழிப்பது மேல். கோப்பையின் கழுத்தில் படியும் எண்ணெய்ப் பசையை வாராவாரம் துடைக்காவிட்டால் நுரை வராது.

கல் வேண்டும் என்று பாசிக்குடாவில் பவளப்பாறையை உடைத்து எடுக்காதீர்கள். சட்டம் தடை செய்திருக்கிறது, அது இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது, ஒரு கைப்பிடி வளர எத்தனையோ வருடம் பிடிக்கும். துளை நிறைந்த செராமிக் கட்டிகள் அதே வேலையைச் செய்யும், ஒட்சிசன் எட்டாத அவற்றின் உட்பகுதியில் வேறு வகைப் பக்டீரியா நைட்ரேட்டை நைதரசன் வாயுவாக்கி விடும், மெதுவாகத்தான். மணல் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது மணலின் மேல் படிந்த ஊத்தையையும் சேர்த்து உறிஞ்சி எடுங்கள். புல்மோட்டை, திருக்கோவில் பக்கத்துக் கறுப்பு மணலில் இரும்புக் கனிமம் இருக்கிறது, அது தொட்டிக்கு வேண்டாம்.

பாசி வளர்த்து நைட்ரேட்டைக் குறைப்பது நல்ல வழி. கீட்டோ என்கிற நூல் பாசியை ஒரு பக்க அறையில் எல்இடி வெளிச்சத்தில் வளர்த்து, அடர்ந்ததும் பாதியைப் பிடுங்கி எறிந்தால் அதோடு நைட்ரேட்டும் போய்விடும். இரவில் அந்த விளக்கு எரிந்தால் பிஎச் விழுவதும் குறையும். கண்டல் கன்று நட்டால் போதும் என்று நம் ஊரில் பலர் சொல்கிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் அது வளரும் வேகத்துக்கு இரண்டு மீனின் கழிவுக்குக்கூட ஈடு கொடுக்காது. நைட்ரேட்டை எடுக்கும் பக்டீரியாவைப் பெருக்க வினாகிரி ஊற்றும் முறையை ஸ்கிம்மர் இல்லாத சின்னத் தொட்டியில் செய்யவே வேண்டாம், பக்டீரியா திடீரென்று பெருகி ஒட்சிசனை முடித்துவிடும், விடியும்போது மீன் மேலே மிதக்கும்.

டெஸ்ட் கிட் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கிட் நைட்ரேட்டைக் காட்டும், சில அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டும், பின்னதை 4.4ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் வரும். துளி மருந்துக் கிட்டில் அடியில் உறையும் போத்தல் ஒன்று இருக்கும், அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் விட்டால் 80 இருக்கும் தண்ணீர்கூட 10 என்று காட்டும். மீனும் இறாலும் மட்டும் என்றால் 20க்குக் கீழ் வைத்தால் நல்லது, 40ஐத் தாண்ட விடக் கூடாது. பூச்சியத்துக்கு ஆசைப்படாதீர்கள், நைட்ரேட் முற்றாக இல்லாத தொட்டியில் கபிலச் சளி போன்ற டைனோ என்கிற நுண்ணுயிர் வந்து எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

ஏற்கெனவே 80இல் நிற்கிறது என்றால் ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் கொட்டாதீர்கள், அந்தத் திடீர் மாற்றமே மீனைச் சோர வைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 25 வீதம், உப்பும் சூடும் பழைய தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும். நான்கு தடவையில் 25 அளவுக்கு இறங்கிவிடும்.

மாரியில் கரண்ட் போகும். தொங்கும் பில்டரைவிட மூடிய கனிஸ்டர் பில்டர் வைத்திருப்பவருக்கே இதில் ஆபத்து, ஓட்டம் நின்று ஓரிரு மணித்தியாலத்தில் உள்ளே ஒட்சிசன் முடிந்து பக்டீரியா சாகத் தொடங்கும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டிக்குக் கீழேயே வையுங்கள். கரண்ட் வந்ததும் கனிஸ்டரை அப்படியே ஓடவிடாமல் அதற்குள் தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டி, வளையத்தை அலசிவிட்டுப் போடுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம். மறுநாள் காலை அமோனியாவைப் பாருங்கள், கொஞ்சம் காட்டினாலும் 25 வீதம் மாற்றிவிடுங்கள்.