டைபாய்டு சந்தேகமா? பிளட் கல்ச்சருக்கு இப்படி ரத்தம் கொடுங்கள்

காய்ச்சல் நாலு நாளாக விடவில்லை, டாக்டர் டைபாய்டாக இருக்கலாம் என்கிறார். உடனே லேபுக்குப் போய் "வைடால் டெஸ்ட் எடுங்க" என்று நீங்களாகவே கேட்காதீர்கள். நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன், பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காரணம் இதுதான். டைபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைபியின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதன் வெளிமுனைதான் 'ஓ' ஆன்டிஜென், அதாவது நம் உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கும் பகுதி. வைடால் ரிப்போர்ட்டில் 'ஓ' என்று வருவது அதற்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப்பொருளின் அளவு மட்டுமே. கிருமியை அந்த டெஸ்ட் பார்ப்பதே இல்லை. எப்போதோ வந்துபோன டைபாய்டாலும், சால்மோனெல்லாவின் வேறு வகைகளாலும் அந்த எண் ஏறும். நிஜமாகவே டைபாய்டு இருக்கும்போது முதல் வாரத்தில் ஏறாமலும் போகும். 1896-இல் அது பெரிய கண்டுபிடிப்பு. இன்று ஒரே ஒரு வைடாலை நம்பி ஆன்டிபயாடிக் தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ரத்தத்தை முதல் வாரத்திலேயே, ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதன் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி எடுப்பார்கள். "இவ்வளவா?" என்று கையை இழுக்காதீர்கள். டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி இருந்தாலே அதிகம், குறைத்து எடுத்தால் தப்பிவிடும். ஸ்பிரிட் தடவிய இடம் காயட்டும், அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காமல் நேரே லேபுக்கு அனுப்ப வேண்டும்.

கிருமி வளர்ந்தால் மக்கான்கி என்ற ஊட்டப்பொருள் தட்டில் பூசி, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். குடலில் வாழும் ஈ. கோலை கிருமி ரோஸ் நிறத்தில் வரும், டைபி நிறமில்லாமல் வரும். அப்புறம் டி.எஸ்.ஐ. குழாய், அதாவது மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த ஊட்டப்பொருள் உள்ள குழாய். மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் மீசை போல ஒரு கறுப்புக் கீற்று. டைபியின் அடையாளம் அது. மற்ற சால்மோனெல்லா பலவும் குழாயின் அடியையே கறுப்பாக்கிவிடும். டைபிக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் உள்ள சீரம் சேர்த்து உறுதி செய்தபிறகுதான் பெயர் எழுதுவோம்.

வளர்ச்சி இல்லை என்று சொல்ல 5 நாள் வரை ஆகும். வளராவிட்டாலும் டைபாய்டே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலைத்தான் முதலில் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் நம் ஊரில் பெரும்பாலும் கேட்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத டைபி பரவியது. சரியான மருந்திலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் பிடிக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். ஓட்டலிலோ சத்துணவுக் கூடத்திலோ சமைப்பவர் என்றால், குணமான பிறகு மலப் பரிசோதனையும் செய்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும்.