போஸ்ட்டாக் என்று தேடாதீர்கள்

சிங்கப்பூரில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியை ‘போஸ்ட்டாக்’ என்று மட்டும் தேடினால் பல வேலைகள் கண்ணில் படாது. என்யூஎஸ், என்டியூ ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அதற்கு ‘ரிசர்ச் ஃபெலோ’ என்றுதான் பெயர். அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வுக்கழகங்களில் ‘சயின்டிஸ்ட்’ என்று பாருங்கள். ‘ரிசர்ச் அசோசியேட்’ இங்கே பெரும்பாலும் முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கான பதவி, குழம்பிவிடாதீர்கள்.

அப்புறம், இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருக்காமல், ஆய்வுக்குழுவை நடத்தும் பேராசிரியருக்கே எழுதுங்கள். சம்பளம் பெரும்பாலும் அவருடைய ஆய்வு நிதியிலிருந்துதான் வருகிறது. 40 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது (நானும் அனுப்பியவன்தான்). அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அந்த வேலையில் உங்களால் என்ன சேர்க்க முடியும் என்று முதல் 3 வரிகளுக்குள் சொல்லுங்கள். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லையா? ஆய்வேடு சமர்ப்பித்த தேதியைக் குறிப்பிடுங்கள். வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது வேலை தருபவரின் பொறுப்பு.