ஃபின்னிஷ் கூட்டுச்சொல்லைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபின்லாந்து மொழியான ஃபின்னிஷ் படிக்க ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் ஒரு விளையாட்டில் இறங்கிவிடுவார்கள்: நீளமான சொல்லை எடுத்து, இரண்டாக உடைத்து, அது எங்கிருந்து வந்தது என்று தாங்களே தீர்ப்பு சொல்லிவிடுவது. எழுத்துப்பிழை, உச்சரிப்பெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

தெரிந்த சொல் போல இருப்பதை நம்பிவிடுவது

டிராகனுக்கு ஃபின்னிஷில் லொஹிகேர்மெ. லொஹி என்றால் சால்மன் மீன், கேர்மெ என்றால் பாம்பு. சரி, 'சால்மன் பாம்பு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதோடு விட்டாலும் பரவாயில்லை, காரணமும் கட்டிவிடுகிறார்கள். திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த சிறுவர் கதை ஒன்றில், 'நீரோட்டத்தை எதிர்த்துத் தாவும் சால்மன் போல வானில் பாய்வதால் இப்பெயர்' என்று அடிக்குறிப்பே இருந்தது. அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். 'அகராதியிலேயே லொஹி மீன்தானே?' என்று பதில் வந்தது.

மீன்தான். ஆனால் அந்த லொஹி வேறு, இது வேறு. பழைய ஸ்வீடிஷில் ஃப்ளோக்த்ராகி என்றால் பறக்கும் டிராகன். அதன் பின்பாதியை ஃபின்னிஷ்காரர்கள் பாம்பு என்று மொழிபெயர்த்தார்கள். முன்பாதியை ஒலியாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கால ஃபின்னிஷில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்காது; கடன் வாங்கிய சொல்லில் முன்னால் இருப்பது உதிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஸ்வீடிஷ் ஸ்கோலா இங்கே கொவுலு ஆனது அப்படித்தான். ஃப்ளோக்கிலும் 'ஃப்' போனது. மிச்சம் காதுக்குப் பழகிய மீன் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து எஸ்தோனியத்தில் டிராகனுக்கும் சால்மனுக்கும் முதல் உயிரொலியே வேறு, அதனால் அங்கே யாரும் மீனைத் தேடிப் போவதில்லை.

வேர்ச்சொல் அகராதியைத் திறக்காதது

ஃபின்னிஷ் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் அகராதியே 1992 முதல் 2000 வரை மூன்று தொகுதிகளாக வந்திருக்கிறது. திறங்கள்.

தப்பான இடத்தில் வெட்டுவது

கைவொசவுக்கோ: கைவொஸ், அவுக்கோ என்று வெட்டினால் சுரங்க வாய். கைவோ, சவுக்கோ என்று வெட்டினால் கிணற்று நீர்நாய். சுற்றியுள்ள வாக்கியத்தைப் பாருங்கள்.

அப்புறம், எதையுமே நம்பாமல் போவது

லொஹிகேர்மெ கதையைக் கேட்டவர்கள் அடுத்து எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஃபின்னிஷ் பெயர் யொவுலுபுக்கி. நேர்ப்பொருள் கிறிஸ்துமஸ் கிடா. 'இதுவும் ஸ்வீடிஷில் வேறு ஏதோவா?' என்று கேட்கிறார்கள். இல்லை. ஆட்டுக்கொம்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வழக்கம் ஃபின்லாந்தில் உண்மையிலேயே இருந்தது. ஜனவரி 13-ஆம் தேதி அப்படி வந்தவர்கள் தின்னவும் குடிக்கவும் கேட்டார்கள். பரிசு கொடுக்கும் தாத்தா பின்னால் வந்தவர். இங்கே கிடாவைத் தாராளமாகக் கிடா என்றே எழுதலாம்.