அடி வாங்கிய நாயிடம் எப்படிப் போய் உட்காருவது? காப்பகத்துக்குப் புதிதாகப் போகும் தன்னார்வலர்களுக்கு

காப்பகத்துக்குப் போன முதல் நாளே நான் செய்தது தப்பு. மூலையில் சுருண்டு கிடந்த ஒரு செவலை நாயைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து, தலையைத் தடவக் கை நீட்டினேன். அது கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. கிடந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. தலைக்கு மேலே வரும் கை அடிக்கத்தான் வரும் என்று அதுவரை வாழ்ந்த நாய் அது.

அன்பு இருந்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறோம். அதனால் கொஞ்சம் முறையாகப் பார்ப்போம்.

1. கிளம்பும் முன்

ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைப்பது 2 ஊசிகள்: ஒன்று இன்று, அடுத்தது 7 நாள் கழித்து. அதன் பிறகும் கடிபட்டால் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போயே ஆக வேண்டும். முன்பே ஊசி போட்டவர்களுக்கும் கூடுதல் ஊசி உண்டு.

வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு, தனி உடை வையுங்கள். நாய்களைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் தரையிலேயே உயிரோடு கிடக்கும். கையில் தடவும் சானிடைசருக்கு அது சாகாது, தண்ணீர் கலந்த பிளீச்சுக்குச் சாகும். அப்புறம் தொங்கும் துப்பட்டா, குலுங்கும் வளையல், சென்ட் எதுவும் வேண்டாம்.

வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் பரவாயில்லை, ஆனால் அதே நாள், அதே நேரம் போங்கள். எப்போது என்ன நடக்கும் என்று தெரியாமலே வாழ்ந்த நாய்க்கு, சொன்ன நேரத்தில் வரும் ஆள் பெரிய விஷயம்.

2. முதல் சில நாட்கள்: உட்காருவதுதான் வேலை

நாயின் குறிப்பேட்டை முதலில் படியுங்கள். எதற்கு மிரளும், எங்கே வலி என்று எழுதியிருப்பார்கள். பிறகு கூண்டுக்குள் போய் அதற்குப் பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்கள். அது ஒதுங்க நினைத்தால் ஒதுங்க வழி இருக்க வேண்டும், நீங்கள் வழியை மறித்து உட்காரக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். ஒரு புத்தகத்தை மெல்லிய குரலில் வாசியுங்கள், கதையோ கணக்கோ அதற்கு ஒன்றுதான்.

தீனியைக் கையில் வைத்து நீட்டாதீர்கள். எல்லோரும் செய்வது இது, எனக்குப் பிடிக்காததும் இதுதான். பசி முன்னே இழுக்கும், பயம் பின்னே இழுக்கும். கழுத்தை நீட்டி எடுத்துத் தின்று முடித்ததும்தான், ஐயோ இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே என்று அதற்கு உறைக்கும். அந்த நொடியில் கடி விழலாம். அதனால் தீனியை நாய்க்குப் பின்பக்கமாக வீசுங்கள். தின்னவும் செய்யலாம், உங்களை விட்டு விலகவும் செய்யலாம். 20 நிமிடம் போதும். எழுந்து வந்துவிடுங்கள்.

3. உடம்பு சொல்வதைப் படிப்பது

பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொள்வது, சட்டென்று கல் மாதிரி உறைந்து நிற்பது. இதில் எதைப் பார்த்தாலும் செய்வதை நிறுத்தி ஒரு எட்டு பின்னால் போங்கள். வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள், பதற்றத்திலும் வால் ஆடும். உறுமினால் திட்டவே கூடாது. திட்டு வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கலாம்.

உறுமும் நாயைவிட எனக்குக் கவலை தருவது, எதைச் செய்தாலும் அசையாமல் கிடக்கும் நாய். ‘எவ்வளவு சாது பாருங்க’ என்பார்கள். 1967-இல் செலிக்மன், மையர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தப்பவே முடியாதபடி கட்டிவைத்து மின் அதிர்ச்சி கொடுத்த நாய்களைப் பிறகு வேறு பெட்டியில் விட்டார்கள். நடுவில் இருந்த தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சி கிடையாது. பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, படுத்து முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டன. கொடூரமான சோதனைதான். ஆனால் காப்பகத்தில் ‘சாதுவாக’க் கிடக்கும் நாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட நாய்க்குத் தான் செய்வதற்குப் பலன் உண்டு என்று தெரிய வேண்டும். இரண்டு இடத்தில் படுக்கை போடுங்கள், பிடித்ததில் படுக்கட்டும். முகத்தைத் திருப்பினால் உடனே கையை எடுங்கள்.

4. தொடுவது

அதுவாக வந்து உங்களை மோந்து பார்த்து, போகாமல் நின்றால் மட்டும் தொடுங்கள். தலையில் வேண்டாம். நெஞ்சில் அல்லது கழுத்தின் பக்கவாட்டில் 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே சாயும். விலகினால் சரி, இன்றைக்கு அவ்வளவுதான்.

5. துடைப்பம்

அடி வாங்கிய நாய்கள் பலவற்றுக்கு இது எமன். செவலைக்கும் அப்படித்தான். கூட்டும் சத்தம் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதைத் தீர்க்க வரிசை முக்கியம்: முதலில் துடைப்பம், பிறகு தீனி. மாற்றிச் செய்தால் தீனியைக் கண்டே பயப்படத் தொடங்கிவிடும்.

துடைப்பத்தை 20 அடி தள்ளித் தரையில் கிடத்துங்கள். நாய் அதைப் பார்த்ததும் அவித்த கோழித் துண்டு, வேறு நேரத்தில் கிடைக்காத தீனியாக இருக்கட்டும். துடைப்பத்தை எடுத்ததும் தீனியும் நிற்க வேண்டும். நாய் தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை என்று பொருள். பல நாள் கழித்து ஓர் அடி நெருங்குங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் பாதி தூரம் வந்தேன், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

6. சாப்பாடும் நடையும்

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கால்நடை மருத்துவர் சொன்ன அளவை, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். நீங்கள் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வெளியே கூட்டிப் போகும்போது இரண்டு லீஷ்: ஒன்று கழுத்துப்பட்டையில், ஒன்று நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில். மிரண்ட நாய் பட்டையிலிருந்து பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓட ஒரு நொடி போதும்.

7. நோட்டில் எழுதுவது

‘இன்று நன்றாக இருந்தது’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஏழாவது வாரம் செவலையைப் பற்றி நான் எழுதியது: ‘துடைப்பம் 6 அடியில். பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது, தீனி எங்கே என்பது போல. வால் கீழேதான், ஆனால் ஒட்டவில்லை.’