மில்லிங் மெஷினில் பேக்லாஷ் அளப்பது எப்படி?

கப்பலூர் சிட்கோ பக்கம் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, ஸ்க்ரீன்ல 100 காட்டுது, அளந்தா 99.96 தான் வருது, ஏன்?"

டேபிளின் நகர்வை நேரடியாக அளக்கும் ஸ்கேல் பொருத்தாத சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும்) மெஷினில் ஸ்க்ரீன் காட்டுவது மோட்டார் சுற்றிய கணக்கு. டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூ திசை மாறிச் சுற்றும்போது, டேபிள் உடனே நகராமல் வீணாகும் சிறு தூரம்தான் பேக்லாஷ்; ஸ்க்ரீனும் அளவும் ஒத்துப்போகாததற்கு அது ஒரு காரணம். டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்பதை நாம்தான் அளக்க வேண்டும். 0.01 மி.மீ. டயல் கேஜ், மேக்னெட் ஸ்டாண்டு, 100 மி.மீ. ஸ்லிப் கேஜ் (துல்லிய நீளமுள்ள எஃகுக் கட்டை) இருந்தால் போதும்.

முதலில் மெஷினை அரைமணி நேரமாவது ஓட விடுங்கள். ஸ்லிப் கேஜையும் முன்பே எடுத்து டேபிள் மேல் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் இதை விடவே கூடாது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த 100 மி.மீ. கேஜ் டேபிளைவிட 12 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், அதிலேயே சுமார் 14 மைக்ரான் பிழை வந்துவிடும்.

ஸ்டாண்டை, கட்டர் சுற்றும் ஸ்பிண்டில் ஹெட்டில் ஒட்டி, டேபிளில் இறுக்கிய ஸ்டாப்பரில் டயல் கேஜ் முனையைத் தொடவிடுங்கள். முனை, டேபிள் நகரும் அச்சுக்கு நேராக இருக்கட்டும். 10 டிகிரி சாய்ந்தாலே அளவு ஒன்றரை சதவீதம் மாறும்.

அப்புறம் ஹேண்ட்வீலில் ப்ளஸ் திசையில் மெதுவாக வந்து நில்லுங்கள். கேஜை பூஜ்யமாக்குங்கள். அதே திசையில் 0.5 மி.மீ. போய், திரும்பி அதே ஸ்க்ரீன் எண்ணுக்கு வாருங்கள். முள் காட்டும் வித்தியாசம்தான் பேக்லாஷ். ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். டேபிளின் இரு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக எடுங்கள். நடுவில் மட்டும் கூடுதலாக வந்தால், தினமும் வேலை நடக்கும் இடத்தில் ஸ்க்ரூ தேய்ந்திருக்கலாம்.

அடுத்தது தூரம். ஸ்டாப்பரைத் தொட்டு பூஜ்யமாக்கி, 110 மி.மீ. பின்னால் போங்கள். ஸ்லிப் கேஜை ஸ்டாப்பரோடு ஒட்டி வைத்து, 10 மி.மீ. முன்னால் வாருங்கள். இரண்டு முறையும் ஒரே திசையில் வந்து தொடுவதால் பேக்லாஷ் இதில் கலக்காது. முள் பூஜ்யத்திலிருந்து விலகும் அளவே 100 மி.மீ.க்கான பிழை. கேஜ் இருக்கும்போது ரேபிட் (அதிவேக நகர்வு) வேண்டாம்.

சரி, ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல் என்றால், அளந்த பேக்லாஷ் அளவை 1851 என்ற பாராமீட்டரில் (செட்டிங்கில்) போட்டால் மெஷின் அதை ஈடுகட்டிக்கொள்ளும். உடனே போட்டுவிடாதீர்கள். ஒருமுறை 40 மைக்ரான் வந்தது, போட்டேன். கேஜில் சரியாக இருந்தது, வெட்டும்போது ஓட்டை மறுபடி விலகியது. ஸ்க்ரூவின் பேரிங் லாக் நட் தளர்ந்திருந்தது. தளர்ச்சி இருந்தால் கட்டரின் விசையே டேபிளைத் தள்ளிவிடும். அதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே நட்டையும், டேபிள் ஆடாமல் பிடிக்கும் ஜிப் தகட்டையும் முதலில் பாருங்கள்.

அதன்பின் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, அளந்ததை அதோடு கூட்டிப் போடுங்கள். ரெஃபரன்ஸ் (மெஷினின் தொடக்கப் புள்ளி) போய்வந்து மறுபடி ஐந்து முறை அளந்து, தேதியோடு அன்றைய வெப்பத்தையும் சேர்த்து மெஷின் கதவில் ஒட்டி வையுங்கள்.